தோள்பட்டையில் ஒரு நல்ல வலி

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு வலிக்காது. வைத்திய சாஸ்திரம் இதை ஒப்புக்கொள்ளாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, இதை ஒப்புக்கொள்ளாதவர் யாரும் கிடையாது. என் பெரியம்மா ஒருத்தி தேள் கொட்டிய காலோடு இட்லிக்கு மாவாட்டி வழித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். சித்தி ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்ததே வாசலில் பேசிக்கொண்டிருந்த ஆண்களுக்குத் தெரியாதாம். குழந்தை அழுத பிறகுதான் வெற்றிலைப் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்களாம். "சத்தம் போடாமப் பெத்தவ" என்பதுதான் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம். அலறிப் பெற்றாலும் பிள்ளை பிள்ளைதான். ஆனால் அலறியவள் கல்யாண வீடுகளில் கொஞ்சம் பின்னால்தான் உட்காருவாள்.

ஆண்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு முறை கடைவாய்ப் பல் வலித்தது. பிடுங்கிக்கொண்டு வந்தவர் மூன்று நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. ஒருத்தர் வெந்நீர் வைத்தோம், ஒருத்தர் கஞ்சி ஆற்றினோம், அவர் முனகும்போதெல்லாம் "ஐயோ, எம் புள்ளைக்கு எப்படி வலிக்கோ" என்று அவருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவைத்தான் நான் அத்தை என்று கூப்பிடுவேன். இனி இந்தக் கதை முழுக்க அத்தைதான் வருவார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. தியாகராய நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை. ரேஷன் கார்டைப் பார்த்துத் துணியை அளந்து கொடுத்த காலம். கடையில் துணி இல்லை, வீட்டில் குழந்தை இல்லை. அத்தை இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெருமூச்சாக விடுவார். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது, வயது இருபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை விரதம், அரசமரம், வேப்பங்கொழுந்து எல்லாம் முடித்துவிட்டேன். வேப்பங்கொழுந்து ஒன்றுதான் பலித்தது. வயிற்றுப் பூச்சித் தொல்லை போயிற்று.

அந்த ஆடி மாதத்தில் அத்தை என்னிடம் நேராகவே சொன்னார். கோடம்பாக்கத்தில் தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறதாம். பதினாறு வயசாம். முதல் பெண்டாட்டி இருக்கும்போதே இரண்டாவது கட்டிக்கொள்வதைத் தடுக்க அப்போது இங்கே சட்டம் வரவில்லை. செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

"மூத்தவளுக்கு ஒரு கொறையும் வராது, கேட்டியா. அடுப்பு ஓங்கையிலதான் இருக்கும்" என்றார் அத்தை.

புருஷன் போனாலும் அடுப்பு போகாது என்ற அந்த ஆறுதலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு நான் ஒன்றும் சண்டை போடவில்லை. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், குறை என்ன என்று பார்த்துச் சொல்கிறாராம், ஒரே ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டேன். அத்தை ஒப்புக்கொண்டார். என் மேல் இரக்கப்பட்டு இல்லை. "டாக்டரே சொல்லிட்டான்னா நாளைக்கு ஊர்ல நம்மளக் குத்தஞ் சொல்ல மாட்டாக" என்று அவரே காரணமும் சொன்னார்.

டாக்டரம்மாவின் வைத்தியசாலை என்பது அவருடைய வீட்டின் முன்பக்கம்தான். கூடத்தில் நீளமாக இரண்டு பெஞ்சு. உள்ளே சோதனை அறை. இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை, கெட்டித் துணியில் ஒரு திரை மட்டும். உள்ளே ஒரு கரண்டி விழுந்தாலும் பெஞ்சில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம், படுக்கை கிடையாது. அதனால் பெஞ்சில் காத்திருக்கும் பெண்களுக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது. உள்ளே போனவள் கத்தினாளா, எத்தனை தரம் கத்தினாள், எந்த ஊர்க்காரி என்று கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை திரைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"சத்தம் வெளிய வரப்படாது" என்றார் என்னிடம்.

டாக்டரம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அதிகம் சிரிக்காதவராக இருந்தார். கருப்பைக்கு இரண்டு பக்கமும் நூல் மாதிரிக் குழாய் உண்டென்றும், அது அடைத்திருந்தால் பிள்ளை தங்காதென்றும், கீழிருந்து காற்றை விட்டுப் பார்த்தால் வழி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றும் சொன்னார். மேஜைக்குப் பக்கத்தில் ரப்பர் குழாயும், அதோடு சேர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தன. கண்ணாடிக்குள் பாதரசம்.

"அடிவயித்துல கொஞ்சம் பிடிக்கும். ரெண்டு நிமிஷம்தான்" என்றார்.

டாக்டர்கள் சொல்லும் இந்தக் "கொஞ்சம்" எந்தப் படியில் அளந்தது என்று நான் இத்தனை வயதிலும் கண்டுபிடிக்கவில்லை. மயக்க மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. வலிக்கு அந்த அறையில் இருந்த ஒரே மருந்து அங்கே வேலை பார்த்த ஆயாதான். பருமனான பெண்பிள்ளை. வெந்நீர் வாளியிலேயே இருந்து இருந்து அவளுடைய கை எப்போதும் சூடாக இருக்கும். அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து முகத்துக்கு நேரே கேட்டாள்.

"இன்னாமா, இன்னிக்கு ஊட்ல இன்னா கொயம்பு?"

நான் விழித்தேன்.

"கேக்கறேன்ல? இன்னா கொயம்பு?"

"கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு."

"எப்டி வெப்பே? மொதல்லேர்ந்து சொல்லிக்கினே வா. எத்தயும் வுடக் கூடாது."

அவளுடைய வைத்தியமே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேஜையில் ஏறிய ஒவ்வொருத்தியும் அவளுக்கு ஒரு குழம்பு வைத்துக் காட்டியாக வேண்டும். நான் புளியை ஊற வைத்தேன். கத்திரிக்காயைக் காம்பு போகாமல் நாலாகக் கீறினேன். அப்போது உள்ளே காற்று போக ஆரம்பித்தது. அடிவயிற்றை யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரிப் பிடித்து முறுக்கினார்கள். நான் விடாமல் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போட்டேன், வெந்தயம் போட்டேன், வெங்காயத்தை வதக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டே மசாலா அரைத்தேன். குழம்பு கொதித்து இறக்கும்போது டாக்டரம்மா குழாயை எடுத்துவிட்டார். வாயிலிருந்து குழம்பைத் தவிர வேறு ஒரு சத்தமும் வரவில்லை. தேள் கொட்டிய பெரியம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மணை போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"மெல்ல எழுந்து உக்காரு" என்றார் டாக்டரம்மா.

உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாத்திரத்தில் வலது தோள்பட்டையில் கம்பியைக் காய்ச்சிச் சொருகியது போல ஒரு வலி. வயிற்றில் காற்றை விட்டால் தோளில் எதற்கு வலிக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சு இழுத்தால் இன்னும் குத்திற்று.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "தோள்பட்டையில வலிக்குதா?" என்று கேட்டார்.

திரைக்கு வெளியே அத்தை ஒரு முறை இருமினார். கூடத்திலும் எதிர்பார்த்துக்கொண்டு எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். சம்பந்தமில்லாத இடத்தில் வலிக்கிறதா என்று கேட்கிறாரே, நான் எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறவளா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

"இல்லை டாக்டர்."

"கொஞ்சங்கூட இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணும் வலிக்கலை" என்று வெளியில் கேட்கும்படியாகவே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பாதரசக் குழாயைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து, அத்தையை உள்ளே கூப்பிட்டு, இரண்டு பக்கமும் வழி அடைத்திருக்கிறது போலத் தெரிகிறது, இதற்கு இப்போது செய்யக்கூடியது அதிகமில்லை என்று தணிந்த குரலில் சொன்னார்.

திரும்பி வரும்போது ஜட்காவில் அத்தை என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "ஒரு மொனகல் வரலியே! பெஞ்சில இருந்தவளுக எல்லாம் அசந்து போயிட்டாளுக" என்றார். உண்மையாகவே பெருமைப்பட்டார். அதே மூச்சில், "ஐப்பசில முகூர்த்தம் இருக்கு, அந்தக் கோடம்பாக்கத்துப் புள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன்" என்றார். ஜட்கா பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் தோளில் அந்தக் கம்பி குத்திற்று. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுதால் வலி தாங்கவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்ற பயத்தில் அழவும் இல்லை. அந்த வலி மறுநாள் சாயங்காலம் வரை இருந்தது. இடது கையாலேயே தண்ணீர் சேந்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம், அத்தை கோடம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை, என்னை மயிலாப்பூர் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார்கள். தனியாகப் பஸ்ஸில் போகும் சுதந்திரம் எனக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கிடைத்தது. பட்டத்திலிருந்து இறக்கப் போகிற ராணியை ஊர் சுற்றிப் பார்க்க விடுவார்களே, அப்படி. சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை, சும்மா கும்பிட்டுவிட்டு, தெற்கு மாடவீதியில் காய்கறி வாங்க வந்தேன். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சூடான கை என் கையைப் பிடித்தது. அதே ஆயா.

"இன்னாமா, புளிக்கொயம்புக்கா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. அன்னிக்கு தோளு நொந்துச்சா இல்லியா?" என்றாள்.

பெஞ்சும் இல்லை, திரையும் இல்லை, அத்தை கோடம்பாக்கத்தில். "நொந்தது" என்றேன்.

"எம்மாம் நேரம்?"

"மறுநாள் வரைக்கும்."

ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! நொந்தா தாம்மா நல்லது. கொயா அடச்சிக்கினு இருந்தா காத்து அங்கியே நின்னுக்கும், தோளுக்கு எப்டிப் போவும்? வயி தொறந்து கீது, அதான் காத்து மேல ஏறி தோள்ல குத்திச்சி. எத்தினி பொம்பளைங்களப் பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? நொந்துச்சின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

கையில் இருந்த கத்திரிக்காயை நான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தோளில் வலித்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் டாக்டரம்மா இரண்டு தரம் கேட்டார். நான் இரண்டு தரமும் இல்லை என்றேன். கூட்டத்தில் நல்ல பெயர் வாங்குவதற்காக, என் வாயாலேயே எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

"அன்னைக்கே டாக்டரம்மாகிட்ட நீ சொல்லியிருக்கலாமே" என்று அவள் மேல் பாய்ந்தேன். யார் மேலாவது பாய வேண்டியிருந்தது.

"நானா? நோயாளியே வலிக்கலன்னு சொல்லிட்ச்சி, ஆயா பேச்ச யாரு கேப்பாங்க? ஆனா எனக்கு அப்பவே சந்தேகந்தான். நீ கொயம்புல உப்பே போடல."

"போட்டேன்."

"போடல. நா கேட்டுக்கினு தானே இருந்தேன்? நோவு வர்ற எடத்துல பொம்பளைங்க ஒரு சாமான வுட்டுடுவாங்க. நீ உப்ப வுட்டுட்டே."

வாழ்க்கையே முழுகிப் போகிற அந்த நேரத்திலும், நான் உப்புப் போட்டேனா இல்லையா என்று நடுத்தெருவில் நின்று அவளோடு கால் மணி நேரம் சண்டை போட்டேன். இப்போதும் சொல்கிறேன், போட்டேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அவர் நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடம் இருக்கும் ஒரே கஷ்டம், எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பார்கள், அம்மாவுக்கு முதலில். சோற்றைப் போட்டுவிட்டு ஆயா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஆயா சொன்னத நம்பி எப்படி..." என்று இழுத்தார்.

"டாக்டரம்மா நான் சொன்னத நம்பித்தானே எழுதினாங்க? நான் சொன்னது பொய்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ரெண்டு நாளும் ஒனக்குத் தோள் வலிச்சிதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பல் பிடுங்கிய மூன்று நாளும் அவர் வலியை நிமிஷத்துக்கு நிமிஷம் நான் அறிந்திருந்தேன். என் வலியை அவருக்குச் சொல்லலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஆறு வருஷம் ஒரே பாயில் படுத்தும் வரவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நானும் வாறேன். இன்னொரு தரம் பாக்கச் சொல்லுவோம்" என்றார். அத்தையிடம் யார் சொல்வது என்ற கேள்விக்கு மட்டும் அவர் சுவரைப் பார்த்தார். ஆக, நான்தான் சொன்னேன்.

அத்தை கோடம்பாக்கத்திலிருந்து நல்ல மனநிலையில் திரும்பியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை விவரிக்க முடியாது. வழி திறந்திருக்கலாம் என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

"வலிச்சிதா? ஒனக்கு வலிச்சிதா? ஒரு வாரமா வாறவ போறவகிட்ட எல்லாம் எம் மருமவ வாயே தொறக்கலன்னு பீத்திக்கிட்டுக் கெடக்கேன்!"

"வாயைத் திறக்கலை அத்தை. வலிச்சிது, ஆனா திறக்கலை."

இந்த வித்தியாசத்தை அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முடிவில், இன்னும் ஒரே ஒரு தரம், தாமும் கூட வருவார், போன தரம் மாதிரியே சத்தம் வெளியே வரக்கூடாது, அடைப்பு என்று மறுபடி சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது, ஐப்பசியில் கல்யாணம் என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுபடி அதே பெஞ்சு. பெண்கள் பெஞ்சின் ஒரு ஓரத்தில் என் வீட்டுக்காரர், தாம் அங்கே இல்லாதது போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அத்தை திரைக்குப் பக்கத்தில், தம் பழைய இடத்தில். நான் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தப்பு என் மேலயும் இருக்கு" என்றார். "தோள் வலிச்சா நல்லதுன்னு நான் யாருக்கும் முன்கூட்டியே சொல்றதில்ல. சொன்னா எல்லாரும் வலிக்குதுன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். வலியை மறைக்கிறவங்க இருப்பாங்கன்னு நெனச்சுப் பாக்கலை." பிறகு, "இப்ப உனக்கு விஷயம் தெரிஞ்சு போச்சே. வலிக்குதுன்னு நீ சொன்னா நான் எப்படி நம்புறது?" என்றார்.

இது நான் யோசிக்காத சங்கடம். முதலில் பொய் சொல்லிக் கெட்டேன், இப்போது உண்மை சொன்னாலும் செல்லாது.

"உப்ப வுட்டுட்ச்சிமா அன்னிக்கி" என்று ஆயா சாட்சி சொன்னாள். டாக்டரம்மா அன்றைக்குத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, பாதரசத்தைத்தான் நம்ப வேண்டும், காற்றுக்கு வழி கிடைத்தால் அது இறங்கும் என்றார். பயத்தில் உடம்பு முறுக்கிக்கொண்டால் கருப்பைக் குழாயும் சேர்ந்து இறுகிக்கொள்ளுமாம், திறந்த வழியும் அடைத்தது போலக் காட்டுமாம். போன தரம் பாதரசம் ஏறிக்கொண்டே போய்ச் சந்தேகமாக நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். "ஆகவே இன்னைக்கு உனக்கு வலிக்காம பாத்துக்கறதுதான் என் முதல் வேலை" என்றார். எனக்கு அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே புதுச் செய்தி.

ஒரு மாத்திரை கொடுத்து அரைமணி நேரம் படுக்க வைத்தார். அடிவயிற்றில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை வைத்தாள் ஆயா. காற்றை மெள்ள மெள்ள விடுவேன் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "தாங்கலைன்னா நிறுத்துன்னு சொல்லு. உடனே நிறுத்திடுவேன்."

இதை நான் நம்பவில்லை. எனவே, காற்று விட ஆரம்பித்ததும், இன்னும் ஒரு வலியும் வராதபோதே, "நிறுத்துங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

நிறுத்திவிட்டார்.

பிறந்ததிலிருந்து என் வார்த்தைக்கு எதுவும் நின்றதில்லை. கல்யாணம் நிற்கவில்லை, படிப்பை நிறுத்தாதீர்கள் என்றபோது அதையும் யாரும் கேட்கவில்லை. இங்கே ஒரு படித்த அம்மாள், ஒரு யந்திரம், ஒரு பாதரசம் எல்லாம் என் ஒரு சொல்லுக்கு நின்றன. ஆசை யாரை விட்டது? தொடரலாம் என்று சொல்லி, மறுபடி "நிறுத்துங்க" என்றேன். நின்றது. மூன்றாவது தரம் வாயைத் திறந்தபோது ஆயா, "இன்னா, வெள்ளாடிக்கினு கீறியா? கம்னு கொயம்பச் சொல்லு" என்று அதட்டினாள். அதற்குள் என் உடம்பு தானாகவே மேஜையில் தளர்ந்து கிடந்தது. வயிற்றில் பிடித்தது, ஆனால் பிடித்தவர்கள் நான் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்ததால் போன தரத்தில் பாதி கூட இல்லை. இந்தத் தரம் சாம்பார் வைத்தேன். பருப்பு வெந்துகொண்டிருந்தபோது ஆயா என் கையை விட்டுவிட்டுக் கத்தினாள்.

"எறங்குதுமா! பாதரசம் எறங்குது!"

டாக்டரம்மா குழாயைப் பார்த்தார். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "எழுந்து உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். வந்தது. அதே தோள், அதே காய்ச்சின கம்பி. டாக்டரம்மா இந்தத் தரம் எதுவும் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. என் புருஷன், என் வீடு எல்லாம் அந்த வார்த்தையில் இருந்தது. ஆனால் வாயைவிட்டு அது வரமாட்டேன் என்றது. வெளியே அத்தை இருமினார். எனக்குக் கோபம் வந்தது. அத்தை மேல், பெரியம்மா மேல், தேளின் மேல், எல்லோர் மேலும் வந்தது.

"வலிக்குது!" என்றேன். பிறகு அது நிற்கவில்லை. "ஐயோ, தோள் வலிக்குதே, அம்மா, வலிக்குதே!" என்று அலறினேன். இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெண் பிறந்தபோது போட்ட சத்தம் பனகல் பார்க் வரை கேட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதற்கு ஒத்திகை அன்றைக்கு நடந்தது.

திரையைத் தள்ளிக்கொண்டு முதலில் அவர் வந்தார், பின்னாலேயே அத்தை. டாக்டரம்மா, "வழி திறந்திருக்கு. ஒரு பக்கமாவது நிச்சயமா திறந்திருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஆயாவைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தை என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம்.

"ஏலே, நீ நேரா கோடம்பாக்கம் போயி, வேண்டாம்னு சொல்லிட்டு வா" என்றார் மகனிடம்.

"அம்மா, நாளைக்கு..."

"இப்பமே போ."

அவர் போனார். அத்தை போகவில்லை. திரையை இழுத்துச் சரியாக மூடினார். மேஜையைப் பார்த்தார், ரப்பர் பையைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"நிறுத்துன்னா நிறுத்திருதீகளே. வெளிய இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

"ஆமா. நிறுத்துவேன்."

"அப்பம் என்னையும் ஒருக்காப் பாருங்க. அடி எறங்கிக் கெடக்கு. இப்பம் போனானே, இவம் பொறந்ததில இருந்து."

என் வீட்டுக்காரருக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

யாரிடமும் சொன்னதில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். நான் கீழே இறங்கியதும் அத்தை மேஜையில் ஏறிப் படுத்தார். ஆயா அதற்குள் வெந்நீர் மாற்ற உள்ளே போயிருந்ததால், நான் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் கையைப் பிடித்தேன். இறங்கிய கருப்பையை மேலே தள்ளி, அது நிற்பதற்கு ஒரு ரப்பர் வளையம் வைப்பேன், மெதுவாகத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஆரம்பித்தார். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, உதடு மட்டும் மூடியிருந்தது. ஆனால் என் விரல்கள் அவர் கைக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தன. நிறுத்து என்று அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்ல மாட்டார்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க" என்றேன். "அத்தைக்கு வலிக்குது."

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். அத்தை தலையைத் திருப்பி என்னை முறைத்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவருடைய பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"ஆமா," என்றார் அத்தை. "வலிக்கு."